பர்லியாறில் நிறுத்தினால் பெட்ரோல் வாடை: பழைய அம்பாசிடரில் குன்னூர் ஏறலாமா?

கேள்வி: வணக்கமுங்க. எங்க அப்பாரு வாங்குன 1969 அம்பாசிடர் மார்க் 2 இன்னும் ஓட்டத்துல இருக்குது. பெட்ரோல் வண்டி. போன மாசம் மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறும்போது பர்லியாறுல நிறுத்தி டீ குடிச்சுட்டு வந்தா, சீட்டு வரைக்கும் பெட்ரோல் வாடை. செல்ஃப் போட்டதும் கார்ப்பரேட்டர்ல ‘டப்’புன்னு சத்தம். மெக்கானிக் “பழைய வண்டின்னா அப்படித்தான்”ங்கறார். தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் பானெட்டுக்குள்ள தீயணைக்கிற ஃபயர் பால் ஒண்ணு மாட்டிட்டாப் போதுங்கறார். வைகாசியில குன்னூர்ல கல்யாணம். குடும்பத்தோட அதே வண்டியில போலாமுங்களா?
– அவிநாசி வாசகர்

பதில்: இப்போது இருக்கும் நிலையில் போகாதீர்கள். ஊருக்குள்ளேகூட எடுக்க வேண்டாம். வாடையும் ‘டப்’ சத்தமும் சேர்ந்து வருவதுதான் தீ பிடிப்பதற்கு முந்தைய கட்டம். பழைய வண்டி என்றால் பெட்ரோல் வாடை அடிக்கும் என்பது உண்மையில்லை. அது சரிசெய்யக்கூடிய கோளாறு, பெரும்பாலும் ஒரு நாள் வேலை.

நடப்பது இதுதான். உங்கள் வண்டியின் 1489 சி.சி. இன்ஜினில் பெட்ரோல் போகும் வழியும் புகை வரும் வழியும் ஒரே பக்கம். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டர் உட்கார்ந்திருப்பது, புகை வெளியேறும் குழாயான கொதிக்கும் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே. ஓடும்போது ஃபேன் காற்றும், உள்ளே போய்க்கொண்டே இருக்கும் புதுப் பெட்ரோலும் அதைக் குளிர்வித்துவிடும். மலை ஏறிச் சூடான வண்டியை நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுகின்றன. மேனிஃபோல்டின் சூடு மேலே ஏறி, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து வழிகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் இன்ஜின் அடியிலும் செல்ஃப் மோட்டார் பக்கத்திலும் தங்கிவிடும். அந்த நேரத்தில் கார்ப்பரேட்டர் வாய் வழியாக ஒரு ‘டப்’ வந்தால், அது சத்தம் மட்டுமல்ல, சுவாலை. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அந்தச் சுவாலைக்குத் தடுப்பே இல்லை. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது ஹோஸ். இங்கேதான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். 1969-ல் செய்த ரப்பரோ, அதே சரக்கில் இன்றும் வரும் மலிவு ஹோஸோ இதற்காகச் செய்தவை அல்ல. உள்பக்கம் ஊறி உரிந்து கறுப்புத் தூளாகும், வெளிப்பக்கம் காய்ந்து வெடிக்கும். துணி சுற்றிய ஹோஸில் அந்த வெடிப்பு கண்ணுக்கே தெரியாது. லட்சக்கணக்கான பழைய வண்டிகள் ஓடும் நாட்டில் எரிபொருளை மாற்றினார்கள். எந்த ஹோஸை மாற்ற வேண்டும் என்று பங்கில் ஒரு போர்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். லைட் எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, சேசிஸ் நம்பர் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பெட்ரோல் ஹோஸை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பவரைக் காண்பது அரிது.

கடையில் “பெட்ரோல் ஹோஸ்” என்று மட்டும் கேட்காதீர்கள். தண்ணீர் ஹோஸும் கண்ணாடி மாதிரி தெரியும் பி.வி.சி. டியூபும் அதே பெயரில்தான் விற்கிறது. ஹோஸின் மேலேயே ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்ற தரக் குறியீடு அச்சாகியிருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் ஒட்டிய ‘இ20’ (20 சதவீத எத்தனாலுக்கு ஏற்றது) ஸ்டிக்கரை நம்பாதீர்கள். பழைய ஹோஸில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப்போய் உள்விட்டத்தைச் சரிபாருங்கள். டேங்க் அடியில், பம்ப்புக்கு முன்னால், பம்ப்புக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் என்று எல்லா இடத்தையும் ஒரே நாளில் மாற்றுங்கள். முன்னால் மட்டும் மாற்றி டேங்க் அடியை விட்டுவிடுவது வழக்கமான தவறு. கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டக் கூடாது. துளை போட்ட கிளிப்பும் ரப்பரை அறுத்துவிடும், விளிம்பு மடித்த முழு வளையக் கிளிப்பாக வாங்குங்கள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று கண்ணாடி ஃபில்டரை மேனிஃபோல்டு பக்கம் மாட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள். உலோக ஃபில்டராக வாங்கி டேங்க் பக்கம் போடுங்கள். டேங்க் ஓட்டையில் சோப்பைத் தேய்ப்பது வீடு வந்து சேர மட்டும்தான்.

பிறகு கார்ப்பரேட்டர். கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வழியை மூடுவது நீடில். உரிந்த ரப்பர் தூள் அதில் சிக்கினால் பெட்ரோல் நிற்காமல் வழியும். நீடிலையும் அது உட்காரும் சீட்டையும் ஜோடியாக மாற்றச் சொல்லுங்கள். கிண்ணத்தில் மிதந்து நீடிலை மூடும் ஃப்ளோட் பித்தளையானால் காதோரம் ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் ஓட்டை. தளும்பாவிட்டாலும் அடுப்பிலிருந்து இறக்கித் தள்ளிவைத்த வெந்நீரில் அமுக்கினால் ஊசிமுனை ஓட்டையிலிருந்துகூடக் குமிழி வரும். கிண்ணத்தின் மூடியில் வழிவுக்கு ஒரு சிறு குழாய் இருக்கும். அது மேனிஃபோல்டைத் தாண்டிக் கீழே தரையைப் பார்த்து முடிய வேண்டும். பல வண்டிகளில் இந்தக் குழாயே இருக்காது, வழிவது நேராகச் சூட்டின் மேல் சொட்டும். கார்ப்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள வெப்பத் தடுப்புத் தகட்டை “இடைஞ்சல்” என்று கழற்றிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். ‘டப்’ சத்தத்துக்கு, ஸ்பார்க் கொடுக்கும் பாயிண்டின் இடைவெளியும் ஸ்பார்க் வரும் டைமிங்கும் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் இன்ஜின் சுற்றினால் மட்டும் வேலை செய்யும் மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிக்கு. எலெக்ட்ரிக் பம்ப் என்றால் கணக்கே வேறு. உங்கள் வண்டியில் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். சாவியைப் போட்டதும், இன்ஜின் சுற்றுவதற்கு முன்பே பின்பக்கம் ‘டிக் டிக்’ என்றோ ‘ஙொய்’ என்றோ கேட்டால் எலெக்ட்ரிக். மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் நின்றால் தானும் நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப் நிற்காது. ஹோஸ் பிடுங்கிக்கொண்டாலும், வண்டி மரத்தில் மோதி இன்ஜின் நின்றாலும், சாவி ஆனில் இருக்கும்வரை தீயின் மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஆயில் பிரஷர் இல்லாவிட்டால் பம்ப்பை நிறுத்தும் சுவிட்சும், மோதினால் துண்டிக்கும் சுவிட்சும் இல்லாமல் அந்த பம்ப் இருக்கவே கூடாது. இன்னொரு கேடும் உண்டு. கார்ப்பரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டியிலிருந்து கழற்றிய பம்ப்பை, கிடைக்கிறதே என்று பழைய வண்டியில் மாட்டிவிடுகிறார்கள். உங்கள் கார்ப்பரேட்டர் நீடில் தாங்கும் அழுத்தம் சுமார் 3 பி.எஸ்.ஐ. இன்ஜெக்ஷன் பம்ப் தள்ளுவது 40 பி.எஸ்.ஐ.க்கு மேல். எந்த நீடிலாலும் அதை மூட முடியாது. அப்படி ஒன்று இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கழற்றுங்கள்.

வயரிங்கில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் பின்னிய எர்த்துப் பட்டை ஒன்று இருக்கும். அது அறுந்தால் செல்ஃப் மோட்டாரின் மொத்தக் கரண்டும் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சிவக்கப் பழுக்கும், அதுவும் கார்ப்பரேட்டர் பக்கத்திலேயே. செல்ஃப் அடித்ததும் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பட்டை போய்விட்டது. எர்த்து ஆகும் பேட்டரி முனையில் ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போட்டுக்கொள்ளுங்கள், நிறுத்தும் போதெல்லாம் திருகிவிடலாம்.

ஃபயர் பால் விஷயத்துக்கு வருகிறேன். சுவாலை தொட்டால் வெடித்துப் பவுடரைத் தூவும், அவ்வளவுதான். கசிவு நிற்காது. கசிவு இருக்கும்வரை சூடான மேனிஃபோல்டு திரும்பப் பற்றவைக்கும். அந்தக் காசுக்கு 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பு சிலிண்டர் வாங்குங்கள். ஒரு கிலோ சிலிண்டர் பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதனடியில் ‘சி.எம்/எல்’ என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று காட்டும். வாசலுக்கு வந்து ரீஃபில் செய்கிறேன் என்பவர்களிடம் ஜாக்கிரதை. பழைய சிலிண்டருக்குப் பெயின்ட் அடித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். மளிகைக் கடைத் தராசில் வைத்து, லேபிளில் உள்ள மொத்த எடையுடன் ஒத்துப்போகிறதா பாருங்கள். சிலிண்டரின் பிரஷர் மீட்டர் முள் பச்சையில் நிற்க வேண்டும். பவுடர் அடியில் இறுகாமல் இருக்க மாதம் ஒருமுறை தலைகீழாகக் குலுக்குங்கள். வைக்கும் இடம் டிரைவர் சீட்டின் கீழே, டிக்கியில் அல்ல.

பானெட்டில் புகை வந்தால் ஓரம் கட்டி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கிக் காற்று வரும் பக்கமாகத் தூரமாக அனுப்புங்கள். மலையில் என்றால் ஹேண்ட் பிரேக்கோடு டயருக்கு ஒரு கல் வையுங்கள். பானெட்டைத் தூக்கவே கூடாது. தூக்கினால் காற்று பாய்ந்து தீ முகத்துக்கு வரும். முதல் கொக்கி மட்டும் விடுபட்டு விரலளவு இடைவெளி கிடைத்தால் அதன் வழியாக, இல்லாவிட்டால் முன்கிரில் வழியாக, தீயின் அடியைப் பார்த்து அடியுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் மிதந்து பரவும். சிலிண்டர் தீர்ந்தும் தீ இருந்தால் வண்டியை விட்டுவிட்டு விலகி 101 அல்லது 112-ஐ அழையுங்கள். அணைந்தாலும் கால் மணி நேரம் பானெட்டைத் திறக்காதீர்கள். ஏ.பி.சி. பவுடர் உலோகத்தை அரிக்கும், ஆறியதும் கழுவிவிட வேண்டும்.

இன்சூரன்ஸ் தாளையும் எடுத்துப் பாருங்கள். புரோக்கர்கள் பழைய வண்டிக்கு “எல்லாம் இருக்குதுங்க” என்று தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுத் தருகிறார்கள். அதில் உங்கள் வண்டி எரிந்தால் ஒரு ரூபாய் வராது. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். புரோக்கர் எழுதிய தொகையை அப்படியே விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் நேராகக் குன்னூர் போகாதீர்கள். கூட்டமில்லாத நாளில் மருதமலை அடிவாரத்திலிருந்து மேலே ஏறி, நிறுத்தி, பானெட்டைத் திறந்து இருபது நிமிடம் விடுங்கள். வெள்ளை வேட்டித் துணியால் ஒவ்வொரு ஹோஸ் மூட்டையும், கிண்ணத்தின் அடியையும், டேங்க் அடியையும் ஒற்றிப் பாருங்கள். துணியில் ஈரமோ பழுப்புக் கறையோ இருந்தால் அந்த மூட்டைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். துணி காய்ந்திருந்து, திரும்ப செல்ஃப் போடும்போது ‘டப்’பும் வராவிட்டால் கல்யாணத்துக்கு அதே வண்டியில் போகலாம். பர்லியாறில் நிறுத்தும்போது பானெட்டைத் திறந்தே வையுங்கள்.