உபுண்டுவை மேம்படுத்தியதும் மானிட்டர் இருண்டுவிட்டதா? எதையும் அழிக்காதீர்கள்

கேள்வி: என் மடிக்கணினியில் இன்டெல் கிராஃபிக்ஸுடன் என்விடியா ஜி.டி.எக்ஸ். 1050 சிப்பும் இருக்கிறது. உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பில் எந்தத் தொல்லையும் இல்லாமல் வேலை செய்துவந்தேன். சென்ற வாரம் 24.04-க்கு மேம்படுத்தினேன். மடிக்கணினியின் திரை வழக்கம்போல் வருகிறது. ஆனால் எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்திருக்கும் மானிட்டரில் எதுவும் வரவில்லை. அமைப்புகளில் பார்த்தாலும் ஒரே ஒரு திரைதான் இருக்கிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு படத்தை உருவாக்க முன்பைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவச் சொல்கிறார் நண்பர். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. நண்பரின் யோசனையைத் தள்ளிவையுங்கள். உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் நலமாக இருக்கின்றன. கோளாறு ஒரே ஒரு இடத்தில்தான். அந்த இடம் எது என்பதையும் உங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது.

இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள் கொண்ட மடிக்கணினிகள் பலவற்றில் உள்திரை இன்டெல் சிப்புடன் இணைந்திருக்கும், எச்.டி.எம்.ஐ. துளையோ நேராக என்விடியா சிப்புக்குப் போகும். உள்திரை வருகிறது, வெளித்திரை வரவில்லை, பிளெண்டரும் தவழ்கிறது என்றால் என்விடியா சிப் விழிக்கவே இல்லை என்று பொருள். கேபிளை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சிப்பை இயக்கும் மென்பொருளான என்விடியா டிரைவரின் ஒரு பகுதி, இயங்குதளத்தின் மையக் கருவான கெர்னலுக்குள் அமரும் மாட்யூல் என்னும் துண்டு. மற்றொரு பகுதி கெர்னலுக்கு வெளியே இருக்கும் நிரல்தொகுதிகள். ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போல, அந்த மாட்யூல் ஒரு கெர்னலுக்கென்றே உருவாக்கப்படுவது. உபுண்டு 22.04 முதலில் 5.15 கெர்னலுடன் வந்தது, 24.04 வந்தது 6.8-உடன். கெர்னல் மாறினால் மாட்யூலும் புதிதாக வேண்டும். அது உருவாகவில்லை என்றாலும், உருவாகியும் கெர்னல் அதை ஏற்கவில்லை என்றாலும் சிப் இயங்காது. திறந்த மூல நூவோ டிரைவர் கைகொடுக்காதா என்று கேட்கலாம். என்விடியா தொகுப்பு நிறுவப்படும்போதே நூவோவைத் தடுத்துவிடுகிறது. அதனால் இரண்டும் இல்லாத நிலை.

இனி கட்டளைகளை இடும் சாளரமான முனையத்தைத் திறங்கள். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், எழுத்துப் பெயர்களுக்கு இடையிலுள்ள புள்ளிகளை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். முதலில் ‘எல்.எஸ்.பி.சி.ஐ. -கே’. வரும் பட்டியலில் என்விடியா பெயருக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இல்லையென்றால் நம் ஊகம் சரி. அடுத்து ‘சூடோ மாட்புரோப் என்விடியா’. இது தரும் பிழைச் செய்திதான் உங்கள் வழியைத் தீர்மானிக்கும். ஆகவே அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வந்தால் மாட்யூல் தயாராகவே இருக்கிறது, கெர்னல்தான் அதை உள்ளே விட மறுக்கிறது. நம்பகமான நிரல்களை மட்டும் தொடங்கவிடும் காவல் வசதியான செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பம் இல்லாத மாட்யூலுக்கும், அறியாத சாவியால் கையொப்பமிட்ட மாட்யூலுக்கும் இடமில்லை. டிரைவரை நிறுவும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து, புதிய சாவியைப் பதியட்டுமா என்று கேட்கும். அது பத்து நொடிதான் காத்திருக்கும். தேநீர் எடுக்கப் போனவருக்கு அது தெரியவே வராது. பார்த்தவர்களும் பயந்துபோய் ‘கண்டினியூ பூட்’ என்பதை அழுத்திவிடுகிறார்கள். இதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அந்தத் திரை இன்னும் தெளிவான மொழியில் பேசியிருக்க வேண்டும்.

மீண்டும் பதிய ‘சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ’ என்ற கட்டளையை இடுங்கள். கேட்கும்போது ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். இம்முறை நீலத் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருங்கள். ‘என்ரோல் எம்.ஓ.கே.’, ‘கண்டினியூ’, ‘யெஸ்’ என்று போய் அதே கடவுச்சொல்லைத் தந்தால் போதும். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்று பலர் சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் நான் பரிந்துரைப்பதில்லை. அதே கணினியில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டுடன் விண்டோஸ் இருந்தால், அடுத்த முறை அது மீட்புச் சாவி கேட்டு வழிமறிக்கக்கூடும்.

‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் மாட்யூல் உருவாகவே இல்லை. கெர்னலுக்கேற்ற மாட்யூலை உருவாக்கும் கருவி டி.கே.எம்.எஸ். அதனிடம் ‘டி.கே.எம்.எஸ். ஸ்டேட்டஸ்’ என்று கேளுங்கள். உங்கள் புதிய கெர்னலுக்கு நேரே ‘இன்ஸ்டால்ட்’ இல்லாமல் வெறும் ‘ஆடட்’ என்று இருந்தால், பெரும்பாலும் மாட்யூலை உருவாக்கத் தேவையான லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் தொகுப்பு விடுபட்டிருக்கும். அதை நிறுவிய பின் ‘சூடோ டி.கே.எம்.எஸ். ஆட்டோஇன்ஸ்டால்’. கெர்னல்கள் இருக்கும் /பூட் பகுதியைத் தனியாகப் பிரித்து வைத்திருப்பவர்கள் அதில் இடம் நிரம்பிவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

முன்பு டிரைவரை வெளியார் நடத்தும் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தீர்களா? பதிப்பு மேம்பாட்டின்போது உபுண்டு அத்தகைய களஞ்சியங்களை முடக்கிவிடும். பழைய டிரைவர் துணுக்குகள் புதியவற்றோடு ஒட்டாமல் கிடக்கும். அப்போது மட்டும்தான் என்விடியா தொகுப்புகளை முழுதாக நீக்குவது நியாயம். இணையம் இயங்குகிறது என்று உறுதிசெய்த பிறகு நீக்குங்கள். பின்னர் ‘உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்’ உங்கள் சிப்புக்குப் பொருந்துபவற்றைப் பட்டியலிடும். ‘சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’ பரிந்துரைக்கப்பட்டதை நிறுவும். இயன்றவரை இது, உபுண்டுவை வெளியிடும் கனோனிகல் நிறுவனம் ஏற்கெனவே கையொப்பமிட்ட மாட்யூலையே எடுத்துக்கொள்ளும். நீலத் திரைக்கே வேலை இருக்காது. என்விடியா தளத்திலிருந்து ‘.ரன்’ கோப்பை இறக்கி நிறுவாதீர்கள். கெர்னல் மாறும்போது இதே சிக்கல் திரும்பவும் வரும். முன்பே அப்படி நிறுவியிருந்தால் ‘என்விடியா-அன்இன்ஸ்டால்’ கொண்டு அதை முதலில் அகற்றுங்கள்.

பட்டியலில் ‘-ஓப்பன்’ என்று முடியும் பெயர்களும் இருக்கலாம். 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூல நிரலை வெளியிட்டது. ஆனால் அவை டூரிங் தலைமுறையையும் அதற்குப் பிந்தைய சிப்களையும் மட்டுமே ஏற்பவை. உங்களுடையது அதற்கு முந்தைய, 2016-இல் வந்த பாஸ்கல் தலைமுறை. ஆகவே ‘-ஓப்பன்’ இல்லாத, 535 போன்ற எண்ணுள்ள டிரைவரையே தேர்ந்தெடுங்கள். பாஸ்கலுக்கு 580 வரிசைதான் கடைசி என்பதையும் நினைவில் வையுங்கள். இதே சிக்கலில் இருக்கும் பழைய அட்டைக்காரர்களுக்கு: கெப்லர் தலைமுறைக்கு 470-தான் எல்லை. அதற்கும் முந்தைய ஃபெர்மிக்கான 390 வரிசையின் ஆதரவு 2022 இறுதியோடு முடிந்துவிட்டது. அங்கே நூவோவே கதி. ஏ.எம்.டி. சிப் என்றால் இத்தனை பாடு இல்லை. அதன் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்துப் பாருங்கள்.

உங்களுக்கு உள்திரையாவது வருகிறது. அதுவும் இல்லாமல் முழுக் கருமையாக நிற்பவர்கள், கணினி எழும்போது எஸ்கேப் விசையை அழுத்தி கிரப் எனப்படும் தொடக்கப் பட்டியலுக்கு வந்து, ‘இ’ விசையைத் தட்டி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்று சேர்த்து எஃப்10 அழுத்தலாம். அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும் எளிய திரை கிடைக்கும். மேலே சொன்னவற்றைச் செய்ய அது போதும்.

எல்லாம் முடிந்து மறுதொடக்கம் செய்ததும் ‘என்விடியா-எஸ்.எம்.ஐ.’ கட்டளை சிப்பின் பெயரையும் டிரைவர் எண்ணையும் காட்ட வேண்டும். காட்டியும் மானிட்டர் வரவில்லையென்றால் எந்தச் சிப் தேர்வாகியிருக்கிறது என்று அறிய ‘பிரைம்-செலக்ட் குவெரி’ என்று கேளுங்கள். ‘இன்டெல்’ என்று விடை வந்தால் ‘சூடோ பிரைம்-செலக்ட் ஆன்-டிமாண்ட்’ கொடுத்து மீண்டும் தொடங்குங்கள். அப்போதும் பிடிவாதம் பிடித்தால், உள்நுழையும் திரையின் கீழ்மூலையில் உள்ள பற்சக்கரத்தை அழுத்தி பழைய திரைமுறையான ‘உபுண்டு ஆன் எக்ஸார்க்’ என்பதைத் தேர்ந்து பாருங்கள். மானிட்டர் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக இயங்கும் வரை தேவையற்ற தொகுப்புகளை நீக்கும் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளையைத் தொடாதீர்கள். பழைய கெர்னல் அதுவரை வட்டிலேயே இருக்கட்டும்.