வீசிங் இருந்தால் ஓடலாமா? கிருஷ்ணகிரியிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

கிருஷ்ணகிரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கும் வீசிங் உண்டு, ஓடவும் செய்கிறேன். ஓடப் பழகுவது பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். அது உங்கள் டாக்டரின் வேலை.

காவேரிப்பட்டினம் தம்பி: அக்கா, ஓடும்போது ஒன்றும் இல்லை. நின்ற பிறகுதான் நெஞ்சு இறுக்கி இருமல் வருகிறது. ஏன்?

நல்ல கேள்வி. சும்மா இருக்கும்போது மூக்கு வழியாக இழுக்கிறோம், காற்று சூடாகி ஈரமாகி உள்ளே போகிறது. ஓடும்போது வாயால் வேகவேகமாக இழுப்பதால் குளிர்ந்த, காய்ந்த காற்று நேரே இறங்குகிறது. மூச்சுக்குழாயின் உள்பக்கம் உலர்ந்து, சுற்றியுள்ள தசை சுருங்குகிறது. ஓட்டம் முடிந்து 5, 10 நிமிடத்தில்தான் அது உச்சத்துக்கு வரும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

ஆகவே எடுத்த எடுப்பில் ஓடாதே. 10, 15 நிமிடம் நட. நடுவில் நாலைந்து முறை அரை நிமிடம் மட்டும் வேகம் கூட்டிக் குறை. இப்படிச் செய்தால் பலருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் குழாய் அவ்வளவாக இறுகாது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் கிளம்புவதற்கு 10, 15 நிமிடம் முன்பு மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் பம்ப் (இன்ஹேலர்) 2 பஃப், அதாவது 2 அழுத்து. பம்பைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்த வேண்டும். பிறகு 10 எண்ணும்வரை அடக்கு. அடுத்த பஃபுக்கு அரை நிமிடமாவது பொறு. ஸ்பேசர் (பம்பை மாட்டி மருந்தை இழுக்கும் குழாய்) இருந்தால் இன்னும் நல்லது. நிறைய பேர் வாய்க்குள் சென்ட் அடிப்பதுபோல அடித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

ஓட்டம் என்று பார்த்தால் 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 20 நிமிடம், வாரம் மூன்று நாள் போதும். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் உன் வேகம். முடிக்கும்போதும் சட்டென்று நிற்காமல் நடந்து இறக்கு. பம்ப் பாக்கெட்டில் இருக்கட்டும், வண்டி டிக்கியில் வேண்டாம். நம்மூர் வெயிலில் டிக்கி அடுப்பு மாதிரி கொதிக்கும், மருந்து கெட்டுப்போகும்.

பாலக்கோடு சகோதரி: பம்ப் பழகிவிட்டால் விடவே முடியாதாமே?

முடியும். இது போதைப் பொருள் இல்லை. தினமும் எடுக்கச் சொல்கிற ஸ்டீராய்டு பம்பில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேரே நுரையீரலுக்குப் போகிறது. எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். ஓட்டத்துக்கு முன் எடுப்பதைச் சேர்க்காமல், அவசரத்துக்கான பம்ப் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டாலோ, ராத்திரி இளைப்பில் முழித்தாலோ உங்கள் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. முதலில் டாக்டர், அப்புறம் ஓட்டம். 2003-ல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை செய்த பவுலா ராட்கிளிஃபுக்கும் ஆஸ்துமாதான். அவரும் பம்ப் எடுத்தவர்தான்.

ஊத்தங்கரை தம்பி: போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். ஒரு மாதம் போதுமா?

போதாது. கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி வேகம் அது. புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சில மாதங்களாவது வேண்டும். நோயை மறைத்துவிட்டு மைதானத்தில் விழாதே. பம்ப் பாக்கெட்டில்.

தேன்கனிக்கோட்டை ஐயா ஒருவர்: மார்கழி விடியலில் ஓசோன் கீழே இறங்கி வருவதால்தானே பெரியவர்கள் அந்நேரத்தில் கோலம் போடச் சொன்னார்கள்? நீங்கள் வெயில் வந்த பிறகு ஓடச் சொல்கிறீர்களாமே?

ஐயா, ஓசோன் படலம் தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி என்று அது இறங்காது. தரையில் உருவாகிற ஓசோன் வேறு. வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாவது அது, பிற்பகலில்தான் கூடுதல். அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஆக, நீங்கள் சொல்கிறபடி இறங்கி வந்தால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். உங்கள் ஊர்ப் பனியில் வேறொரு சங்கடமும் உண்டு. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்க, மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதை எழும்ப விடாது. குப்பை எரித்த புகையும் லாரிப் புகையும் அடியிலேயே தங்கும். வெயில் ஏறினால்தான் கலையும்.

அதே ஐயா: இதெல்லாம் சித்தர்கள் அன்றே சொன்னது.

எந்தப் பாட்டில் என்று காட்டுங்கள், படிக்கிறேன். கோலம் தாராளமாகப் போடலாம், அதற்கு ஓசோன் சாட்சி தேவையில்லை.

ஓசூர் தம்பி: அக்கா, ஐயாவை விடுங்கள். எனக்குக் காலை ஷிப்ட், விடியலை விட்டால் நேரமில்லை.

ஷிப்ட் முடிந்து சாயங்காலம் ஓடு, நெடுஞ்சாலையை விட்டுத் தள்ளி. விடியலில்தான் முடியும் என்றால் வீட்டுக்குள்ளேயே உடம்பைச் சூடாக்கிவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு கிளம்பு. அடர்பனி நாளில் ஓடவே வேண்டாம்.

பர்கூர்: பம்ப் பழகிவிடுமா?

பாலக்கோடு சகோதரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கிரானைட் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர்: நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஓடினால் சரியாகுமா?

ஓடாதீர்கள் அண்ணா. கல் தூசியில் இருந்தவருக்கு இது ஆஸ்துமாதான் என்று நானாகச் சொல்லக் கூடாது, சிலிக்கோசிஸாகவும் (கல் தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய்) இருக்கலாம். கிருஷ்ணகிரி அல்லது தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் (ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை) எடுங்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

அரூர்: ஓடும்போது மூக்கால் மட்டும் மூச்சு விடலாமா?

மெல்லோட்டத்தில் முடிந்தவரை விடலாம். மூச்சு முட்டினால் வாயைத் திறங்கள்.

பென்னாகரம்: பம்ப் பழகிவிடும் என்று எங்கள் மாமியார்...

மாமியாரிடமும் பாலக்கோடு பதிலைக் காட்டுங்கள்.

மத்தூர் தம்பி: நடுவழியில் இழுத்துக்கொண்டால்?

நில், உட்கார், பம்ப் அடி. படுக்காதே. பம்ப் அடித்தும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை பம்பை விடாதே. அது எங்கே இருக்க வேண்டும் என்று இனி நான் சொல்லப்போவதில்லை.