ரிசப்ஷன் வேலைக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் எதற்கு?

கேள்வி: பி.காம். முடித்த என் மகளுக்கு ஏற்காடு ரிசார்ட்டில் ரிசப்ஷனிஸ்ட் வேலை வாங்கித் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். ‘சும்மா உட்கார்ந்து சிரித்துப் பேசினால் போதும்’ என்கிறார். 15,000 ரூபாயும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறார். அனுப்பலாமா? – ஓமலூர் வாசகி

பதில்: வேலைக்கு அனுப்பலாம் அம்மா. அந்த ஏஜென்ட் வேண்டாம்.

சும்மா உட்காரும் வேலை என்பவர் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு நாள்கூட நின்றிருக்க மாட்டார். மே மாதச் சனிக்கிழமை மதியம், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, வாந்தி எடுத்த குழந்தையோடு ஒரு குடும்பம் வந்து நிற்கும். அவர்களுடைய ரூம் இன்னும் காலியாகியிருக்காது. அவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டே ஆதார் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, அட்வான்ஸுக்கு ரசீது போட வேண்டும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் ஏற்ற வேண்டும். ஷிப்ட் மாறும்போது கல்லாவை எண்ணி, நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணாமல் கையெழுத்துப் போட்டால், குறைகிற பணம் உங்கள் மகள் தலையில் விழும்.

சர்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். ஒரிஜினலைக் காட்டலாம், அங்கேயே திரும்ப வாங்கிவிட வேண்டும். ஜெராக்ஸ் போதும். என்னோடு சேலம் லாட்ஜ் ஒன்றில் வேலை பார்த்த பெண், நல்ல வேலை கிடைத்தும் போக முடியவில்லை. டிகிரி சர்டிபிகேட் முதலாளி பீரோவில் இருந்தது. தொலைந்துவிட்டது என்று அவர்கள் கைவிரித்தால், நகல் வாங்க போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆபீஸுக்கும் அலைய வேண்டும். ஒரு கையெழுத்துக்கு மூன்று முறை ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள். ஏழைப் பிள்ளை எத்தனை நாள் லீவு போடுவாள்? ஏஜென்ட்டுகள் பிழைப்பதே இதை நம்பித்தான்.

சம்மதமில்லாமல் பெண்ணை இரவு ஷிப்டில் போடக் கூடாது. சேரும் அன்று நீட்டும் காகிதக் கட்டுக்குள் அந்தச் சம்மதக் கடிதமும் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அவளே விரும்பிச் சம்மதித்தால் அது வேறு. அப்போதும் வீட்டுக்கு வண்டி உண்டா, கூட இன்னொரு ஆள் உண்டா என்று கேட்க வேண்டும். ரிசார்ட்டிலேயே தங்குவதென்றால் வண்டிக் கேள்வி எழாது, ஆனால் ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, மாற்றுச் சாவி யாரிடம் என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

நியமனக் கடிதம் கட்டாயம் வாங்குங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, அதையும் கேளுங்கள்.

சேலம் கோரிமேட்டில் உள்ள அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்ய காசு கிடையாது. அந்த ரிசார்ட்டின் போன் நம்பரை நீங்களே தேடி எடுத்து மேனேஜரிடம் பேசுங்கள். ஏஜென்ட் கொடுத்த நம்பரில் கூப்பிடாதீர்கள்.