முனை போனால் போகட்டும், முதுகைப் பாருங்கள்

கேள்வி: கோலாலம்பூரின் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். சிறுவயதில் தொலைத்த காமிக்ஸ்களை இப்போது கெட்டி அட்டைத் தொகுப்புகளாக வாங்கிச் சேர்த்துவருகிறேன். சென்ற மாதம் பேரங்காடிக் கடையொன்றில் ஆயிரம் பக்க ஆங்கிலத் தொகுப்பு ஒன்றை 400 வெள்ளிக்கு வாங்கினேன். பிரித்தபோது முதுகில் ‘படக் படக்’ என்று சத்தம் வந்தது. இரண்டு வாரத்தில் மேலட்டை வில்லாக வளைந்துவிட்டது. ஊரிலிருந்து என் சித்தப்பா மகன் பெட்டியில் கொண்டுவந்த தமிழ்த் தொகுப்பு ஒன்றில் முனை நசுங்கி, ஓரத்தில் முறுக்கு எண்ணெயும் ஊறியிருக்கிறது. இவற்றில் எது குறை, எது குறையில்லை? எதைத் திருப்பிக் கொடுக்கலாம்? இனி வாங்குபவற்றை பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே வைத்துவிடட்டுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உறையைப் பிரியுங்கள். வாங்கிய அன்றே பிரியுங்கள். பிரிக்காத புத்தகத்துக்குத்தான் மதிப்பு என்று சேகரிப்பாளர்கள் சிலர் சொல்வார்கள். அவர்கள் சேகரிப்பது பிளாஸ்டிக்கை.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். ஜார்ஜ்டவுனில் பைண்டிங் வேலை பார்த்தவன், எனக்குத் தெரியாததா என்ற திமிர் வேறு. ஆசையாக வாங்கிய தொகுப்பு ஒன்றை இரண்டு ஆண்டுகள் உறையோடு வைத்திருந்துவிட்டு, ஒரு தீபாவளி விடுமுறையில் பிரித்தேன். கதாநாயகன் மலை விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் கட்டம். பக்கத்தைப் புரட்டினால், பதினாறு பக்கங்களுக்கு முன்னால் சாப்பிட்டு எழுந்தவன் மறுபடியும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். ஒரு ஃபாரம் இரண்டு முறை சேர்ந்துவிட்டது; அதற்கடுத்து வரவேண்டியது இல்லவே இல்லை. ரசீதைத் தேடி எடுத்தேன். எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. கடைக்காரர் கையை விரித்தார், பதிப்பும் தீர்ந்துபோயிருந்தது. அவன் எப்படித் தப்பினான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஃபாரம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குறைகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அச்சகத்தில் பக்கங்கள் ஒவ்வொன்றாக அச்சாவதில்லை. பெரிய தாளின் இருபுறமும் அச்சிட்டு, மடித்து, 16 அல்லது 32 பக்கக் கட்டாக்குகிறார்கள். அந்தக் கட்டுதான் ஃபாரம். ஐரோப்பிய காமிக்ஸ் ஆல்பங்களின் வழக்கமான 48 பக்கமும் இந்தக் கணக்குக்குள்தான் அடங்குகிறது: மூன்று பதினாறு. உங்கள் ஆயிரம் பக்கப் புத்தகத்தில், பதினாறு பக்கக் கட்டுகள் என்றால், அறுபதுக்கும் மேல் ஃபாரங்கள் இருக்கும். அவற்றில் ஒன்று விடுபடலாம், இரட்டிக்கலாம், இடம் மாறலாம், தலைகீழாகச் சேரலாம். தாள்கட்டு முழுவதுமே அட்டைக்குள் தலைகீழாக ஒட்டப்பட்டு வந்த புத்தகங்களையும் பார்த்திருக்கிறேன்.

இதற்கு வழி ஒன்றே ஒன்று: எல்லாப் பக்கங்களையும் புரட்டுவது. ஆயிரம் பக்கம் என்பது ஐந்நூறு தாள். ஒரு தாளுக்கு இரண்டு விநாடி வைத்தால் பதினேழு நிமிடம். ஒரு தே தாரிக் குடித்து முடிக்கும் நேரம்தான், ஆனால் குவளை அதே மேசையில் இருக்க வேண்டாம். காமிக்ஸ் தொகுப்புகள் பலவற்றில் பக்க எண் அச்சிடுவதில்லை. அதனால் கதை தொடர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். புத்தகத்தின் மேல் ஓரத்தை முதுகுப் பக்கமாகப் பார்த்தால் ஒவ்வொரு கட்டும் சிறு வளைவாகத் தெரியும். ஒரு வளைவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மட்டும் முன்னதன் கடைசிப் படக் கட்டத்தையும் அடுத்ததன் முதல் படக் கட்டத்தையும் படித்துப் பாருங்கள். புரட்டும்போதே முனை உள்ளே மடிந்து வெட்டுக் கத்திக்குத் தப்பிய தாள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பக்கங்கள், எதிர்ப்பக்கத்து மை ஒற்றிய நிழல் ஆகியவை கண்ணில் பட்டுவிடும்.

வண்ண விலகலுக்குத் தனியாக ஒரு பார்வை வேண்டும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாவிட்டால் அச்சுக்காரர்கள் ‘ரெஜிஸ்டர் போய்விட்டது’ என்பார்கள். கறுப்பு எழுத்தைப் பார்த்தால் இது தெரியாது. அது ஒரே மை. வண்ணப் பட்டைக்குள் வெள்ளையாக விடப்பட்ட எழுத்தையும் முகங்களின் விளிம்பையும் பாருங்கள். அங்கே இளஞ்சிவப்போ நீலமோ எட்டிப்பார்த்தால் ரெஜிஸ்டர் விலகியிருக்கிறது. அது ஒரு ஃபாரத்தில் மட்டும் லேசாக இருந்தால் நான் விட்டுவிடுவேன். வசனம் படிக்கக் கண் வலித்தால் விடமாட்டேன்.

குறை போலத் தெரிந்து குறையில்லாதவையும் உண்டு. பழைய கதைகளின் மறுபதிப்பில் கோடுகள் தடித்தோ மங்கியோ இருந்தால், மூலப் படங்கள் கிடைக்காமல் பழைய அச்சுப் பிரதியிலிருந்தே எடுத்திருப்பார்கள். இரட்டைப் பக்கப் படத்தில் இடமும் வலமும் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கியிருந்தால் கோபப்படாதீர்கள். ஃபாரத்தின் நடுப்பக்கத்தில் மட்டும்தான் இரு பாதியும் ஒரே தாளில் இருக்கும், மற்ற இடங்களில் இரண்டு தாள்கள் சந்திக்கின்றன.

இனி, ‘படக் படக்’. நம் தலைமுறைக்கு முதுகுள்ள புத்தகமே புதிது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய காலத்தில் நமக்குப் பழகியது கம்பிப் பின் அடித்த மெல்லிய இதழ்தான். பின் துருப்பிடித்தால் நடுத்தாள் கையோடு வரும், அவ்வளவுதான். கெட்டி அட்டையில் தாள்கட்டின் முதுகில் பசை பூசி, துணியோ தாளோ ஒட்டி, அதன் பிறகு அட்டைக்குள் பொருத்துகிறார்கள். புதுப் பசை முதல்முறை வளையும்போது சத்தம் போடும். சத்தம் குறையன்று. சத்தத்துக்குப் பிறகு என்ன தெரிகிறது என்பதுதான் கேள்வி. இரண்டு பக்கங்களுக்கு நடுவே முதுகு வரை பிளவு தெரிந்து, அடியில் பசைப் படலமோ துணியோ தெரிந்தால், அங்கே பைண்டிங் விட்டுவிட்டது. அப்படியென்றால் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

பிளவு இல்லையென்றால் புத்தகத்தை முறையாகப் பழக்குங்கள். மேசைமேல் முதுகு கீழாக நிறுத்தி, முன்னட்டையை மெதுவாகச் சாயுங்கள், பிறகு பின்னட்டையை. அடுத்து முன்னாலிருந்து இருபது முப்பது தாள், பின்னாலிருந்து அதே அளவு என்று மாறி மாறிச் சாய்த்து, மடிப்பில் விரலால் லேசாக நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் நடுவில் பிளந்து அழுத்துவதுதான் பாதிப் புத்தகங்களைக் கொல்கிறது.

பழக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். ஏதாவது ஒரு ஃபாரத்தின் நடுத்தாளைத் திறந்தால் மடிப்பில் நூல் தெரிகிறதா? தெரிந்தால் தையல் பைண்டிங்; பேரன் காலம்வரை இருக்கும். மடிப்பில் கீறல்களும் அவற்றில் ஊறிய பசையும் மட்டும் தெரிந்தால், கட்டுக் கட்டாக இருந்தாலும் அது பசையை நம்பியிருக்கும் புத்தகம். மெல்லிய புத்தகத்துக்கு அது போதும். ஆயிரம் பக்கத்துக்கு வழவழப்பான தாளில் அப்படிக் கட்டியிருந்தால், என் கையில் காசு இருந்தாலும் வாங்கமாட்டேன்.

உங்கள் மேலட்டை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று எழுதவில்லை. தாள்கட்டைவிட்டு வெளிப்பக்கம் விரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அட்டையின் வெளிப்புறம் பிளாஸ்டிக் லேமினேஷன், ஈரம் புகாது. உட்புறம் ஒட்டியிருப்பது வெறும் தாள். கடையின் குளிர்சாதனக் காற்றில் காய்ந்திருந்த புத்தகம் உங்கள் வீட்டு ஈரக்காற்றுக்கு வந்ததும் உட்புறத் தாள் ஈரம் குடித்து நீள்கிறது, வெளிப்புறம் அப்படியே நிற்கிறது, அட்டை வெளியே வளைகிறது. அளவுக்குமேல் காய்ந்தால் இதற்கு நேர்மாறாகப் புத்தகத்தை இறுக அணைத்துக்கொள்ளும். ஆகவே இது கடையின் குற்றமன்று, நம் ஊர்க் காற்றின் குணம். எண்பது விழுக்காடு ஈரப்பதம் இங்கே சாதாரணம். புத்தகத்துக்குப் பிடித்தது ஐம்பதிலிருந்து அறுபது. வறண்ட அறையில் ஒரு வாரம் வைத்தால் பெரும்பாலும் தானே நேராகும். வளைந்த நிலையில் அம்மிக்கல்லை ஏற்றி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். முதலில் ஈரம் போகட்டும், பிறகு மட்டமான பலகை ஒன்றை மேலே வையுங்கள்.

மலிவான ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அலமாரியில் போடுங்கள். இரவெல்லாம் குளிர்சாதனம், பகலெல்லாம் புழுக்கம் என்று மாறி மாறி வரும் படுக்கையறையைவிட, எப்போதும் ஒரே சீராக இருக்கும் கூடம் மேல். மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம். விலையுயர்ந்தவற்றுக்குக் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் நீக்கும் பெட்டி நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் திறந்த அலமாரியில் தூவுவது கடலில் பெருங்காயம் கரைப்பது போல. மூடிய பெட்டிக்குள்தான் அவை வேலை செய்யும். இராமபாணப் பூச்சி தென்பட்டால் புத்தகத்தைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே அவிழ்க்க வேண்டாம். குளிர் முழுவதும் இறங்கட்டும், இல்லையென்றால் நீர் கோத்து வழவழப்புத் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக் காய்ந்த தாளை யாராலும் பிரிக்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு உங்கள் புத்தகத்தில் கவலை அதுதான். கெட்டி அட்டை தாள்கட்டைவிட மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டிருக்கும். நிறுத்தி வைத்தால் அட்டை பலகையில் நிற்கும், தாள்கட்டு அந்தரத்தில் தொங்கும். ஆயிரம் பக்க வழவழப்புத் தாள் மூன்று நான்கு கிலோ வரலாம். அவ்வளவு எடையையும் தாங்குவது அட்டைக்கும் தாள்கட்டுக்கும் நடுவே உள்ள ஒட்டுத்தாளும் ஒரு துண்டுத் துணியும்தான். ஒரு வருடம் கழித்துப் பாருங்கள்: மேற்புறத்தில் முதுகு பிரிந்து, தாள்கட்டு முன்னோக்கிக் கவிழ்ந்திருக்கும். எளிய மருந்து இருக்கிறது. அந்த இடைவெளியின் கனத்துக்கு அட்டைத் துண்டு ஒன்றை வெட்டி, தாள்கட்டுக்கு அடியில் மட்டும் படும்படி வைத்து நிறுத்துங்கள். அல்லது படுக்க வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம். எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலைக் கொக்கியாக மாட்டி இழுக்கவே கூடாது.

திருப்பிக் கொடுக்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடுபட்ட ஃபாரம், பிளந்த பைண்டிங், தலைகீழ் தாள்கட்டு, படிக்க முடியாத அச்சு ஆகியவை தயாரிப்புக் குறைகள். படம் எடுத்து, ரசீதையும் அன்றே படம் எடுத்து வைத்து, முதல் வாரத்திலேயே கடைக்குப் போங்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கடை மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். ஒரு புத்தகத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சட்டத்தின் பெயரைச் சொன்னாலே பல கடைகளில் மேலாளர் வெளியே வந்துவிடுவார்.

பழைய புத்தகம் வாங்குபவருக்கு இந்த உரிமையெல்லாம் ஏட்டளவில்தான். பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில் வாங்கும்போது நான் கண்ணுக்கு முன் மூக்கைத்தான் நம்புவேன். நடுவில் திறந்து முகருங்கள். பூஞ்சை வாடை வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். அது உங்கள் அலமாரி முழுவதற்கும் பரவும். கீழ் ஓரத்தில் கறுப்பு மார்க்கர் கோடு இருந்தால், அது விற்காமல் தேங்கித் தள்ளுபடிக்கு வந்த பிரதி என்ற அடையாளம். படிக்கிறவனுக்கு அதனால் நட்டமில்லை.

நசுங்கிய முனையா? அது அழகுக் குறை, வளராது. அட்டை அடுக்கடுக்காகப் பிளந்திருந்தால் மட்டும் குச்சியால் வெள்ளைப் பசையைக் கொஞ்சமாக உள்ளே செலுத்தி, விரலால் வடிவம் கொடுத்து, இருபுறமும் கேக் சுடும் தட்டில் விரிக்கும் ஒட்டாத தாளும் கெட்டி அட்டையும் வைத்து ஒரு இரவு கிளிப் போட்டு வையுங்கள். செலோடேப் பக்கமே போகாதீர்கள்.

முறுக்கு எண்ணெய் போகாது. ஓரத்தில் சோளமாவைத் தூவி ஒரு நாள் விட்டுத் தட்டினால் மேலே நிற்பது வந்துவிடும், தாளுக்குள் ஊறியது அங்கேயே இருக்கும். அந்த வாடைக்கு எறும்பு வரும், அதனால் மற்ற புத்தகங்களோடு கொஞ்ச நாள் சேர்க்காதீர்கள். சித்தப்பா மகன் அடுத்த முறை வரும்போது முறுக்கு கைப்பையில் வரட்டும்.