டிராகன் நாவல்கள்: கேட்டவையும் சொன்னவையும்

பள்ளி நாள்களிலிருந்து டிராகன் வரும் நாவல்களைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். முன்கூட்டியே ஒரு வேண்டுகோள்: கதையை முடிக்கும்வரை பின்னட்டைக் குறிப்பைப் படிக்காதீர்கள். டிராகன் எப்போது, எப்படி வெளிப்படுகிறது என்பதில்தான் இந்த நாவல்களின் பாதி இன்பம் இருக்கிறது.

மதுரை வாசகர்: உங்களுக்கு மிகப் பிடித்த டிராகன் எது?

யெவாட். உர்சுலா கே. லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலில் வரும் கிழட்டு டிராகன். கெட் என்ற இளம் மந்திரவாதி ஒரு சிறு தீவு மக்களைக் காக்கும் பொறுப்பில் இருக்கிறான். பக்கத்துத் தீவில் டிராகன் குட்டிகள் வளர்ந்துவருகின்றன. எப்போது பறந்து வருமோ என்று மக்கள் நடுங்குகிறார்கள். அவை வரட்டும் என்று காத்திராமல் அவனே படகேறிப் போகிறான். குட்டிகளில் சிலவற்றைக் கொன்ற பிறகு, கோபுரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அசைகிறது. அதுதான் யெவாட்.

அதன் பிறகு சண்டை இல்லை, பேச்சு. எர்த்சீ என்ற அந்தக் கற்பனைத் தீவுலகில் ஒன்றின் உண்மைப் பெயரை அறிந்தவருக்கு அதன்மேல் ஆற்றல் உண்டு. பழைய வரலாறுகளைப் படித்த நினைவிலிருந்து இதன் பெயரைக் கெட் ஊகித்துச் சொல்லிவிடுகிறான். டிராகனும் சளைத்ததல்ல. கெட்டை ஒரு நிழல் துரத்திக்கொண்டிருக்கிறது. அந்த நிழலின் பெயரைச் சொல்லித் தருகிறேன் என்று ஆசை காட்டுகிறது. அவன் உயிரே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. இருந்தும் அதைக் கேட்காமல், மக்கள் வாழும் தீவுகளுக்கு இனி வரமாட்டோம் என்ற வாக்கை வாங்கிக்கொண்டு திரும்புகிறான். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் புத்தகத்தை ஒரு நிமிடம் மூடிவைத்துவிடுவேன்.

அந்த உண்மைப் பெயர்களின் மொழியான பழைய மொழியில் மனிதன் பொய் பேச முடியாது. டிராகனால் அதே மொழியில் வார்த்தையைத் திரித்து ஏமாற்ற முடியும். டிராகன் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் படித்ததில்லை. என்னைத் தின்னக்கூடிய ஒன்று, என்னைவிட நன்றாகப் பேசுகிறது. அந்த நடுக்கத்தைத் தராத டிராகன் எனக்குப் போதாது.

கோவை வாசகர்: அப்படியானால் ஸ்மாக்?

ஸ்மாக் இல்லாமல் யெவாட் ஏது? டோல்கீனின் 'தி ஹாபிட்' வெளியானது 1937-ல். அதில் வரும் டிராகன்தான் ஸ்மாக். அதன் குகைக்குள் நுழையும் நாயகன் பில்போ தன் பெயரைச் சொல்லாமல் விடுகதைகளாகப் பேசுகிறான். பீப்பாய்மீது வந்தவன் என்று பெருமையாக ஒரு வார்த்தை விடுகிறான். அதைப் பிடித்துக்கொண்டு ஏரி நகரத்தாரைச் சந்தேகிக்கிறது ஸ்மாக், நகரம் எரிகிறது. புகழ்ச்சிக்கு மயங்கி ஸ்மாக் தன் வயிற்றின் ரத்தினக் கவசத்தைக் காட்டுகிறது. இடது மார்பில் ஓர் இடம் மூடப்படாமல் இருப்பதைப் பில்போ பார்த்துவிடுகிறான். இரண்டு பேரும் வாயால் கெட்டவர்கள். முழு நாவலுக்கு நேரமில்லாவிட்டாலும் 12-ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது வாய்விட்டுப் படியுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: இரண்டு கால் இருந்தால் அது டிராகன் இல்லை, வைவெர்ன் என்கிறார்களே?

பிரிட்டிஷ் குலச்சின்னங்களில் அந்தப் பிரிவு உண்டு. கதைகளை அது கட்டுப்படுத்தாது. பாவ்லோ உச்செல்லோ 15-ஆம் நூற்றாண்டில் தீட்டிய, புனித ஜார்ஜ் டிராகனைக் குத்தும் ஓவியம் லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்த டிராகனுக்கு இரண்டே கால்கள்.

ஈரோடு வாசகி: என் மகனுக்கு எட்டு வயது. எதைப் படித்துக் காட்டலாம்?

கென்னத் கிரஹாம் 1898-ல் எழுதிய 'தி ரிலக்டன்ட் டிராகன்'. கவிதையில் ஆர்வமுள்ள, சண்டையே வேண்டாம் என்னும் டிராகன் அது. ஒரு சிறுவன் நடுவில் நின்று, டிராகனும் புனித ஜார்ஜும் ஊருக்காகப் பொய்ச் சண்டை போட ஏற்பாடு செய்கிறான். ஒரே மாலையில் முடித்துவிடலாம். சற்று வளர்ந்ததும் மிஹாயெல் எண்டேயின் 'தி நெவர் எண்டிங் ஸ்டோரி' (1979) கொடுங்கள். அதில் சிறகே இல்லாமல் காற்றில் நீந்தும் நற்பேற்று டிராகன் வருகிறது.

வேலூர் வாசகர்: ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் ஆறாவது நூல் எப்போது வரும்?

ஐந்தாவது 2011-ல் வந்தது. வெளியீட்டுத் தேதி பற்றிய கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. இதே கேள்வியை அனுப்பிய மற்றவர்களும் இதையே பதிலாகக் கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: ராபின் ஹாப் எழுதியவற்றில் டிராகன் வரும் நூலை மட்டும் படித்தால் போதுமா?

போதாது. 1995-ல் வந்த 'அசாசின்ஸ் அப்ரென்டிஸ்' நூலில் தொடங்கி, வெளியான வரிசையிலேயே போங்கள். 1998-ல் தொடங்கும் கப்பல் வணிகர் கதையில் ஓர் உண்மை தெரியவரும்போது முன்பு படித்த நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு வேறு பொருள் வந்துவிடும். 2009-ன் 'டிராகன் கீப்பர்' நூலின் பின்னட்டையைப் பார்த்தாலே அந்த வியப்பு கெட்டுவிடும். மறுபடியும் சொல்கிறேன், பின்னட்டையைத் திருப்பாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எல்லாவற்றுக்கும் இலவச பிடிஎஃப் கிடைக்குமா?

என்னிடம் கேட்காதீர்கள். நூலகத்தில் கேளுங்கள்.

சேலம் வாசகர்: பேச்சுதான் அளவுகோல் என்றால் ஆன் மெக்காஃப்ரியின் நாவல்களில் பெர்ன் என்ற கோளில் மனிதர்கள் ஏறிப் பறக்கும் டிராகன்களும் பேசுகின்றனவே? முதுகில் ஆள் ஏறினால் டிராகன் தாழ்ந்துவிடுமா?

தாழ்ந்துவிடாது. மெக்காஃப்ரியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1967-ல் வந்த 'வெய்ர் சர்ச்' குறுநாவலுக்காக, அறிவியல் புனைவு உலகின் ஹியூகோ விருதைப் புனைவுக்காகப் பெற்ற முதல் பெண் அவர். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சே தன் துணைவரைத் தேர்ந்தெடுப்பதும், துணைவர் இறந்தால் டிராகனும் உயிரை விடுவதும் மனத்தை உலுக்குபவை. ஆனால் அந்த டிராகன் முழுக்க முழுக்க அன்பாகவே இருக்கிறது. நாளை என்ன சொல்லுமோ என்ற அச்சம் அதனிடம் எனக்கு வருவதில்லை. பெர்னுக்குப் பின் வந்த பல நாவல்களில் டிராகன் சிறகு கட்டிய குதிரையாகவே ஆகிவிட்டது. என் வருத்தம் அதில்தான்.

நாகர்கோவில் வாசகர்: இரண்டு காலா, நான்கு காலா?

மேலே திருநெல்வேலிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

சேலம் வாசகர் மீண்டும்: உங்கள் எர்த்சீயிலேயே கலெஸின் என்ற டிராகனின் முதுகில் கெட் ஏறவில்லையா?

நல்ல அடி. எர்த்சீயின் மூன்றாம் நூலை இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்லுங்கள். ஆம், ஏறுகிறான். ஆனால் எப்போது? தன் ஆற்றல் முழுவதையும் இழந்தபின். சேணமும் கடிவாளமும் இல்லை. மிகப் பழைய டிராகன் தானாக வந்து, ஏறு என்று சொல்கிறது. கட்டளை டிராகனுடையது. மனிதன் டிராகனைச் செலுத்துவதும், டிராகன் மனிதனைச் சுமக்கச் சம்மதிப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டுக்காக நான் எத்தனை கடிதத்துக்கும் பதில் எழுதுவேன்.

பத்தாம் வகுப்பு மாணவர்: 'எரகான்' பிடிக்கும் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். பவுலினி அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. 2002-ல் குடும்பத்தாரே அச்சிட்டு வெளியிட்டார்கள். நன்றாக ரசியுங்கள், அதன் பின் எர்த்சீக்கு வாருங்கள். டிராகனின் மொழியும் உண்மைப் பெயரும் அங்கே எவ்வளவு பழையவை என்று தெரியும்.

புதுச்சேரி வாசகி: சேலம் வாசகர் பக்கம் நிற்கிறேன். நவோமி நோவிக்கின் டெமரேரை எப்படி மறந்தீர்கள்?

மறந்தது தவறுதான். நெப்போலியன் போர்க்காலம், கடற்படைத் தலைவன் லாரன்ஸ் கைப்பற்றும் பிரெஞ்சுக் கப்பலில் ஒரு முட்டை, அதிலிருந்து வரும் டிராகன்தான் டெமரேர். 2006-ல் தொடங்கி 2016 வரை ஒன்பது நூல்கள். சீனாவுக்குப் போய், அங்கே டிராகன்கள் தெருவில் சுதந்திரமாக நடமாடுவதையும் பணம் ஈட்டுவதையும் பார்க்கும் டெமரேர், இங்கிலாந்தில் எங்களுக்கு ஏன் கூலி இல்லை என்று கேட்கிறது. சுமக்கும் டிராகனே சேணத்தைக் கேள்வி கேட்கிறது. சிறகு கட்டிய குதிரை என்று நான் சொன்னது டெமரேருக்குப் பொருந்தாது. இந்த அளவுக்கு என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

கும்பகோணம் வாசகர்: யாளியும் டிராகனும் ஒன்றா?

இல்லை. யாளி சிங்க உடலோடு கோயில் தூணில் நிற்பது. அதற்கென்று தனி மரபு இருக்கிறது.

சேலம் வாசகர், மூன்றாம் முறை: மனிதரே இல்லாத டிராகன் கதை இருந்தால் நம் சண்டை தீருமா?

இருக்கிறது. ஜோ வால்டனின் 'டூத் அண்ட் க்ளா', 2003. மறு ஆண்டு உலகக் கனவுருப்புனைவு விருது பெற்றது. விக்டோரியா காலக் குடும்ப நாவல், பாத்திரங்கள் எல்லோரும் டிராகன்கள். தந்தை இறந்ததும் பிள்ளைகள் உடலைப் பங்கிட்டு உண்கிறார்கள். டிராகன் இறைச்சி உண்டால்தான் டிராகன் பெரிதாக வளரும். பங்கு சரியில்லை என்று வழக்குக்குப் போகிறார்கள். சண்டை தீராது என்றே நினைக்கிறேன். அங்கே வேலைக்காரர்களின் சிறகுகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.