6174: லோரி நம்பரில் ஆரம்பித்த கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடை வாசலில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று நின்றது. நம்பர் 6174. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "நல்ல நம்பர்" என்று சொல்லிவிட்டேன். தே தாரிக் ஆறும்வரை கேள்விதான்.

லோரி ஓட்டும் தம்பி: நல்ல நம்பர்னா, நாலு நம்பர் லாட்டரி எடுக்கலாமா சார்?

அதுக்கில்லப்பா. குலுக்கலில் 6174-உம் ஒன்றுதான், 0000-உம் ஒன்றுதான். காசை டீசலுக்கு வை.

அப்ப என்னதான் விசேஷம்?

நாலு இலக்க எண் ஒன்று சொல். நாலும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது. மெர்டேக்கா, அதாவது சுதந்திர வருஷம் 1957 என்றாய், சரி. பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகளை உயரப்படி நிறுத்துவதுபோல இலக்கங்களைப் பெரியதிலிருந்து நிறுத்து: 9751. திருப்பி நிறுத்து: 1579. கழித்தால் 8172. அதையும் அப்படியே செய்: 8721 − 1278 = 7443. அடுத்து 3996, 6264, 4176, ஆறாவதாக 6174. இனி நகராது, 7641 − 1467 மறுபடி 6174. எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் ஏழு தடவைக்குள் இங்கே வந்துவிடும்.

கல்லாவில் இருந்த அக்கா: நான் 2111 போட்டேன், 999 வந்து நின்னுபோச்சு.

நிற்கலக்கா, பூஜ்யத்தை விட்டுட்டீங்க. 0999 என்று எழுதுங்க. 9990 − 0999 = 8991. பிறகு 8082, 8532, 6174.

ஐந்தாம் படிவ மாணவி: ஏன் ஐயா அப்படி? எல்லா எண்ணையும் போட்டுப் பார்த்தாங்களா?

இதைத்தான் எதிர்பார்த்தேன். தேவையே இல்லைம்மா. இறங்குவரிசையில் நிறுத்தியபின், முதல் இலக்கத்துக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்கு. நடு இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்கு. கூட்டினால் அதுதான் கழித்து வரும் விடை. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை. நடு வித்தியாசம் 0 முதல், அதிகபட்சம் முதல் வித்தியாசம் அளவுக்கு. எண்ணிப் பார்: 54 ஜோடிதான். எதில் ஆரம்பித்தாலும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் அடங்கிவிடும். ஒரு நோட்டுப் பக்கத்தில் கையாலேயே சரிபார்க்கலாம். 7641-க்கு வித்தியாசங்கள் 6, 2; 5994 + 180 = 6174.

கண்டுபிடிச்சது யாரு?

கப்ரேக்கர். மகாராஷ்டிராவில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியர், 1905-இல் பிறந்தவர். இதை 1949-இல் நம்ம மெட்ராஸில் நடந்த கணித மாநாட்டில் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வேற குணம் ஏதாவது?

18 + 18² + 18³ = 6174. இலக்கங்களைக் கூட்டினாலும் 18. அதால் வகுத்தால் மீதியில்லாமல் 343, அதாவது 7³. பகாக் காரணிகள் 2, 3, 3, 7, 7, 7. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 169, அது 13². கடைசி இரண்டும் வெறும் தற்செயல் என்பது என் எண்ணம், ஆனாலும் ரசிக்கத் தடையில்லை.

தம்பி மறுபடியும்: ஐந்து இலக்கத்துக்கு எது சார்?

மூன்று இலக்கத்துக்கு 495. ஐந்துக்கு அப்படி ஒரு எண்ணே கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கும். 53955 போட்டால் 59994 வரும்; 59994 போட்டால் திரும்ப 53955. ஆலைக்கும் தோட்டத்துக்கும் உன் லோரி போய்வருகிற மாதிரிதான்.