உள்ளிருந்து திறக்காத கார் கதவு: லாக்கை மாற்றுவதற்கு முன் டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி இதுதான்: கார் கதவு வெளியே இழுத்தால் திறக்கிறது, உள்ளே இழுத்தால் திறக்க மாட்டேன் என்கிறது, ஒர்க்‌ஷாப்பில் லாக் அசெம்பிளியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள், வீட்டிலேயே சரி செய்ய வழி உண்டா?

உண்டு. வெளியிலிருந்து திறக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. கதவோரத்தில் இருந்துகொண்டு பில்லரில், அதாவது கதவு வந்து சாத்தும் தூணில், உள்ள வளையத்தைக் கவ்விப் பிடிக்கும் லாக் ஒன்றே ஒன்றுதான். உள் கைப்பிடியும் வெளிக் கைப்பிடியும் தனித்தனி வழியாக வந்து அதையேதான் இழுக்கின்றன. வெளியே இழுத்தால் பிடியை விடுகிறது என்றால் கவ்வும் பாகம் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கோளாறு பெரும்பாலும் உள் கைப்பிடிக்கும் லாக்குக்கும் நடுவில் ஓடும் கேபிளிலோ ராடிலோ (கம்பி), இல்லை கைப்பிடியிலேயேதான் இருக்கும். லாக்குக்குள் உள் கைப்பிடிக்கென்று இருக்கும் சின்ன நெம்பு முறிவதும் உண்டு, ஆனால் அது அபூர்வம், அதையும் திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பார்க்காமலேயே முழு லாக்கையும் மாற்றச் சொன்னால் நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

பின் கதவு என்றால் முதலில் சைல்டு லாக்கைப் பாருங்கள், அது விழுந்திருந்தால் கதவு உள்ளிருந்து திறக்காது, வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். கதவைத் திறந்து அதன் ஓரத்தில், லாக்குக்குப் பக்கத்திலேயே, ஒரு சின்ன பிளாஸ்டிக் நெம்போ சாவி நுனியால் திருப்பும் பள்ளமோ இருக்கும். வண்டி கழுவும்போது துணி பட்டுக்கூட அது நகர்ந்துவிடும், குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம். இதைப் பார்க்காமலேயே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்த் திரும்பியவர்கள் நிறையப் பேர். முன் கதவுகளில் சைல்டு லாக் கிடையாது, அதனால் அங்கே நேராக அடுத்ததற்குப் போகலாம்.

உள் கைப்பிடியை மெதுவாக இழுத்து, கையில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் தொளதொளவென்று வந்தால் கேபிளோ ராடோ எங்கேயோ கழன்றிருக்கிறது, இல்லை கைப்பிடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் உடைந்திருக்கிறது. வழக்கமான இறுக்கத்தோடு வந்தும் கடைசிவரை இழுத்தால்கூடத் திறக்கவில்லை, ஓங்கி இழுத்தால் மட்டும் எப்போதாவது திறக்கிறது என்றால் கேபிளில் தொய்வு விழுந்திருக்கும், அல்லது கேபிள் உறை அதன் பிடியிலிருந்து நழுவியிருக்கும். கல் மாதிரி நகரவே இல்லை என்றால் துரு, அல்லது லாக்கில் இருந்த கிரீஸ் காய்ந்து போயிருக்கும்.

இனி டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பலகையை, கழற்ற வேண்டும். இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், உண்மையில் பொறுமை இருந்தால் போதும். பவர் விண்டோ வண்டி என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிடுங்கள், கதவில் ஏர்பேக் உள்ள வண்டிகளில் இது கட்டாயம். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சில வண்டிகளுக்கு 10 நம்பர் ஸ்பேனர், நெம்புவதற்குப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று, இவ்வளவுதான் சாமான். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும். ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும் இடங்கள் எல்லா வண்டியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: உள் கைப்பிடியின் குழிக்குள் ஒரு சின்ன மூடிக்கு அடியில், கதவை இழுத்துச் சாத்தப் பிடிக்கும் பிடிக்குள், கீழே பாட்டில் வைக்கும் அறைக்குப் பக்கத்தில். சைடு மிரருக்கு உள்பக்கம் உள்ள முக்கோண மூடியையும் எடுக்க வேண்டியிருக்கும். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கும் வண்டி என்றால் அந்தக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பி கிளிப் இருக்கும். பழைய துணி ஒன்றை இடுக்கில் கொடுத்து இப்படியும் அப்படியும் இழுத்தால் தெறித்து வந்துவிடும், எங்கே போய் விழுகிறது என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ எல்லாம் எடுத்தாகிவிட்டது, இன்னும் வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், ஒன்று எங்கேயோ பாக்கி இருக்கிறது. இல்லை என்று உறுதியான பிறகு கீழ் மூலையில் தொடங்கிச் சுற்றிலும் உள்ள கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, கடைசியில் பேடை மேலே தூக்குங்கள், கண்ணாடி ஓரத்துக் காடியிலிருந்து கழன்று வரும். சட்டென்று இழுத்துவிடக் கூடாது, பின்னால் சுவிட்ச் ஒயரும் கைப்பிடி கேபிளும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு கிளிப் எப்படியும் உடையும், முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது கைப்பிடியின் பின்பக்கத்தைப் பாருங்கள். என் பழைய ஹேட்ச்பேக்கில், கேபிளின் நுனியில் உள்ள குண்டுமணி அளவு உலோகத் தலையைத் தாங்க வேண்டிய பிளாஸ்டிக் கொக்கி பாதியாக முறிந்து, கேபிள் தலை அதற்குக் கீழே சும்மா ஆடிக்கொண்டிருந்தது. அது வெயிலில் நிற்கிற வண்டி, பிளாஸ்டிக் மொறமொறவென்று ஆகியிருந்தது, விரலால் அழுத்தினால் இன்னொரு துண்டும் கையோடு வந்தது. லாக்கில் ஒரு குறையும் இல்லை. புது உள் கைப்பிடி மாட்டியதும் வேலை முடிந்தது. கேபிள் வெறுமனே கழன்றிருந்தால் திரும்ப மாட்டினாலே போதும். ராடு உள்ள வண்டி என்றால் அதன் முனையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைப் பாருங்கள், உடைவது பெரும்பாலும் அதுதான். கம்பியையோ கேபிள் டையையோ போட்டுக் கட்டி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டு நாள் சமாளிக்கலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது.

உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். மழைநீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அது வண்டிக்குள் வராமல் தடுப்பது அந்த ஷீட்தான். கறுப்புப் பசையோடு மெதுவாக உரித்து, அப்படியே திரும்ப ஒட்டுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள் அடைத்திருந்தால் அதையும் குத்தி விடுங்கள். லாக் இறுக்கமாக இருந்தால் டபிள்யூடி-40 அடித்துத் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் போடுங்கள், டபிள்யூடி-40 மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் மறுபடி காய்ந்துவிடும்.

ரொம்ப முக்கியமான ஒன்று: வேலை முடிந்ததும் கதவைச் சாத்திப் பார்க்காதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால் லாக்கின் நாக்கை, அதாவது வளையத்தைக் கவ்வும் பாகத்தை, தள்ளுங்கள், இரண்டு கிளிக் கேட்கும், லாக் விழுந்துவிட்டது என்று அர்த்தம். உள் கைப்பிடியை இழுத்தால் நாக்கு பட்டென்று விடுபட வேண்டும், வெளிக் கைப்பிடிக்கும் அதே போல. பேட்டரியைத் திரும்ப மாட்டிய பிறகு சென்ட்ரல் லாக்கைப் போட்டு எடுத்தும் பாருங்கள். விடவில்லை என்றால் வெளியே இழுத்து நாக்கை விடுவித்த பிறகுதான் கதவைத் தொடலாம், லாக் விழுந்த நிலையில் ஓங்கிச் சாத்தினால் அது வேறு செலவு.

சரி செய்யும்வரை கண்ணாடியை இறக்கி வெளியே கைவிட்டுத் திறந்துகொள்ளலாம் என்று தோன்றும். பவர் விண்டோ வண்டியில் இக்னிஷன் ஆஃப் ஆகிவிட்டால் பெரும்பாலும் கண்ணாடி இறங்காது, விபத்தின்போதோ தண்ணீர் தேங்கிய சுரங்கப் பாதையிலோ அது உயிர்ப் பிரச்சினை. அந்த இருக்கையில் குழந்தைகளையும் வயதானவர்களையும் உட்கார வைக்காதீர்கள்.

உள்ளேயும் வெளியேயும் இரண்டு பக்கமும் திறக்கவில்லை என்றால் கதை வேறு, மூடிய கதவிலேயே பேடைக் கழற்றுவது பழகாதவர்களுக்குக் கஷ்டம், அதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். கைப்பிடி மட்டும்தான் தேவை என்றால் சென்னையில் ஜி.பி. ரோடு ஸ்பேர் கடைகளில் புதிது கேட்டுப் பாருங்கள், பழைய மாடலுக்கு அங்கே இல்லை என்றால் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. உடைந்ததைக் கையோடு எடுத்துப் போங்கள், இடது வலது மாறிக் கொடுத்துவிடுவார்கள்.